பச்சை மைக் கையெழுத்து

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க தம்பி, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இங்க வாங்க, என் பக்கத்துல. பையை எடுத்துக்கிடுதேன். வக்கீலம்மா உள்ளதான் இருக்கா, ஆனா நேரமாகும். என் வீட்டுக்காரி உள்ள இருக்கா. உயில் எழுதுதா.

நீங்க என்னத்துக்கு வந்திருக்கீங்க? வாரிசுச் சான்றா? அப்பா தவறிட்டாரா? அடப் பாவமே. எப்ப? போன மாசமா? ஜெராக்ஸ் எல்லாம் எடுத்தாச்சா? அட்டெஸ்ட் வாங்கினீங்களா? வேண்டாம்னுட்டானா? ஆமா, இப்ப எல்லாம் செல்ஃப் அட்டெஸ்டாம்லா. அவனவன் சர்டிபிகேட்டுக்கு அவனவனே கையெழுத்துப் போட்டுக்கிடலாமாம். நாடு எங்கய்யா உருப்படும்.

நான் தவராஜ். ஹெட்மாஸ்டர் தவராஜ்னு பாளையங்கோட்டையில யார்கிட்ட வேணா கேளுங்க. அரசு மேல்நிலைப் பள்ளி. கெஜட்டட் ஆபீசர். பச்சை மையில கையெழுத்துப் போடுற தகுதி தம்பி, சும்மா இல்ல. காலையில ஏழு மணிக்கே வீட்டு வாசல்ல வரிசை நிக்கும், அட்டெஸ்டேஷனுக்கு. கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்கிறவனுக, போலீசுல இருக்கவனுக, எத்தனையோ பேர் என் கையெழுத்தை வாங்கிட்டுப் போய்த்தான் வேலைக்கே சேந்தான். ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷமாச்சு. இந்தா பாருங்க, இப்பவும் பச்சை மைதான் ஊத்தி வச்சிருக்கேன்.

இன்னைக்கும் கூப்பிடுவாங்க. சாட்சிக்கு ஆள் வேணும்லா. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு அவளும் வக்கீலம்மாவும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. பரவாயில்ல. சொத்துன்னு அவளுக்கு இருக்கது ரெண்டு ரூமும் ஒரு அடுக்களையும். அதுலதான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். பிள்ளைகுட்டி கிடையாது. என்னைத் தவிர யாருக்கு எழுதப் போறா? சம்பிரதாயத்துக்கு ஒரு தாள், அவ்வளவுதான்.

வயித்துல கட்டி தம்பி. டாக்டர் சொல்லுறதுக்கு முன்னாடியே அவளே சொல்லிட்டா. நர்சு அவ. அந்தக் காலத்து நர்சு. தை மாசத்தைத் தாண்ட மாட்டேன்னு, சாம்பாருக்கு உப்புப் போட்டுக்கிட்டே சொல்லுதா. அவ உப்பு டப்பாவை மூடி மேல வச்சிட்டு, அடுப்பை அணைச்சிட்டுப் போயிட்டா.

இந்த வக்கீலம்மா இருக்காளே, சண்முகவடிவு, எங்க குடும்பத்தைக் கெடுத்ததே இவதான். அப்புறம் ஏன் இவகிட்டயே வந்திருக்கோம்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். எல்லாம் எப்சிபா முடிவு. எப்சிபாதான் என் வீட்டுக்காரி. அவளாவே போன் போட்டு, அவளாவே நாள் குறிச்சு, ‘நீங்களும் வாங்க’ன்னா. ரெண்டு வருஷத்துல அவ என்னை எங்கயாச்சும் வாங்கன்னு கூப்பிட்டது இதுதான் மொதத் தடவை. அதான் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன்.

சொல்லுதேன் கேளுங்க. உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

என் மாமனார் ஞானாபரணம். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இங்கதான் சொந்த வீடு, முன்கட்டு பின்கட்டு, கொல்லை, கொய்யா மரம், எல்லாம். நான் குவார்ட்டர்ஸ்லயே காலத்தைக் கழிச்சிட்டேன். வீடு கட்டணும்னு எப்சிபா நச்சரிச்சா. நான்தான், ஹெட்மாஸ்டருக்கு எங்க போனாலும் வீடுதாண்டின்னுட்டேன். நான் ரிட்டயர் ஆன வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு. எப்சிபா வேலையை எழுதிக் கொடுத்துட்டா. அவளுக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருந்துது. ரெண்டு பேரும் மாமா வீட்டுக்கே வந்துட்டோம். பத்து வருஷம் தம்பி. தூக்கி உக்கார வச்சு, குளிப்பாட்டி, மலம் மூத்திரம் அள்ளி. அவ தம்பி ரூபன் பெங்களூர்ல. கிறிஸ்மஸ்க்கு வருவான், கேக் கொண்டு வருவான், ‘அக்கா நீங்க இல்லன்னா அப்பா இல்ல’ன்னு அழுவான், போயிருவான்.

மாமா ஒரு நாள் சொல்லிட்டாரு. இந்த வீடு எப்சிக்கு, மத்தது எல்லாம் ரூபனுக்கு. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘எனக்கு வீடெல்லாம் என்னத்துக்குப்பா. சாகுற வரைக்கும் இந்த அடுக்களை வாசல்ல உக்காந்து கொய்யா மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்’னா. அவ ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவ அம்மா வச்ச மரம் அது.

அப்பதான் இந்த வடிவு வந்தா. அப்ப அவளுக்கு முப்பது வயசுகூட இருக்காது. மாமா பக்கத்துல உக்காந்து ஒண்ணு ஒண்ணாக் கேட்டு எழுதினா. மாமா சர்வேயர் புத்தி, ‘எல்லை போடாம ஒரு துண்டும் கிடக்கக் கூடாது வக்கீலம்மா’ன்னாரு. அதனால கடைசியில ஒரு வரி சேத்தா. வீடு மகளுக்கு. மத்த சொத்து எல்லாம், இந்த உயில்ல யாருக்கும் போய்ச் சேராம நிக்குறது எது இருந்தாலும் அதுவும், மகன் ரூபனுக்கு. அந்த ஒரு வரி. அதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

சாட்சி ரெண்டு பேர். ஒண்ணு டாக்டர் ஐசக், வீட்டுக்கே வந்து மாமாவைப் பாக்கிறவரு. சரி. ரெண்டாவது யாருங்கீங்க? மாசிலாமணி! கோயில்ல மணியடிக்கிறவன். எங்கிட்ட எட்டாங்கிளாஸ் ரெண்டு வருஷம் படிச்சுப் பெயிலானவன். நான் வீட்டுக்குள்ள இருக்கேன், மருமகன், கெஜட்டட் ஆபீசர். என் மாமனார் உயில்ல மணியடிக்கிறவன் சாட்சி!

நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன், ஏம்மா, நான் போடுதேன்னு. ‘இல்ல சார், நீங்க வேண்டாம், வெளியாளா இருக்கணும். ஏன்னா நீங்க கிறிஸ்டியன், உங்களுக்குச் சட்டத்துல...’ன்னு என்னமோ ஆரம்பிச்சா. எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. ஏம்மா, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல பதினாலு வருஷம் அட்டெஸ்ட் பண்ணினவன்கிட்ட சாட்சிக் கையெழுத்தைப் பத்திப் பாடம் எடுக்கியா, தெரியும் போன்னுட்டேன். அவ மாமா முகத்தைப் பாத்தா, எப்சிபா முகத்தைப் பாத்தா, அதுக்குள்ள கோர்ட்டுல இருந்து போன் வந்துட்டு. ‘சாயங்காலம் டாக்டர் வந்ததும் மாசிலாமணி அண்ணனையும் கூட வச்சுப் போட்டுருங்க’ன்னு எப்சிபாகிட்டச் சொல்லிட்டு ஓடிட்டா. காரணத்தைச் சொல்லாமப் போயிட்டா தம்பி. அதுதான் நான் சொல்லுறது. ஒரு வக்கீல்னா காரணம் சொல்ல வேண்டாமா?

சாயங்காலம் மாசிலாமணி வந்து நிக்கான். வெள்ளைச் சட்டை, தலையில எண்ணெய், சட்டைப் பையில புதுப் பேனா ஒண்ணு. எனக்குச் சிரிப்பா வந்துது. ஏலே, இனிஷியல் போடத் தெரியுமாலேன்னேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கான். நீ போலே, நான் பாத்துக்கிடுதேன்னு அனுப்பிட்டேன். எப்சிபா அடுக்களையில டாக்டருக்குக் காபி போட்டுக்கிட்டு இருந்தா. அவ வந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சாச்சு. மாமா போட்டாரு, டாக்டர் போட்டாரு, நான் போட்டேன். பச்சை மையில, பேரு, பதவி, ‘ஓய்வு’ன்னு அடைப்புக்குறிக்குள்ள. ரப்பர் ஸ்டாம்ப்பும் வச்சேன். எப்சிபா அந்தத் தாளையே பாத்துக்கிட்டு நின்னா. ‘வக்கீலம்மா வேண்டாம்னாங்களே’ன்னா. ஏட்டி, காபியைக் கொடு, ஆறிரும்னேன்.

அவ்வளவுதான் நடந்தது. இதுல நான் என்ன குத்தம் செஞ்சேன்? நம்ம ஊர்ல பாதிப் பேர் உயில்ல மருமகன்தான் சாட்சி. அதெல்லாம் செல்லத்தானே செய்யுது?

பிறகு பாத்தா, அவங்க எல்லாம் இந்துவாம். அவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாதாம். நம்ம கிறிஸ்டியனுக்குத்தானாம். உயில்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுக்கு, அந்த உயில்ல என்ன எழுதியிருந்தாலும் சேராதாம். அவன் பெண்டாட்டிக்கும் சேராது. பெண்டாட்டி சாட்சி போட்டா புருசனுக்குச் சேராது. உயில் செல்லும், அந்தப் பங்கு மட்டும் இல்லைன்னு ஆயிரும். வெள்ளைக்காரன் எழுதி வச்ச சட்டம். எப்படி இருக்கு பாத்தீங்களா கூத்து?

அப்ப எப்சிபாவுக்கு எழுதின வீடு? இல்ல. யாருக்கும் போய்ச் சேராம நின்ன சொத்து. அது யாருக்கு? அந்தக் கடைசி வரி. ரூபனுக்கு.

எப்பத் தெரிஞ்சுதுன்னா கேக்கீங்க? அது... மாமா இருக்கும்போதே ஒரு லெட்டர் வந்துது. பதிவுத் தபால். இந்த வடிவுதான் மாமா பேருக்குப் போட்டிருந்தா. உயில் நகலைப் பாத்தேன், மருமகன் கையெழுத்துப் போட்டிருக்காரு, மகளுக்கு வீடு சேராமப் போயிரும், நீங்க தெளிவா இருக்கும்போதே வேற ஒண்ணு எழுதிரணும், ஒரு நாள் போதும், நானே வந்து எழுதித் தாரேன்னு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். போஸ்ட்மேன்கூடச் சொன்னான், ‘சார் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு’ன்னு.

மாமாகிட்டச் சொல்லலை. அவருக்கு பி.பி. எதுக்கு வெசனப்படுத்தணும்? இன்னொண்ணு, வக்கீல்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? புதுசா எழுதினா புதுசா ஃபீஸ். அவ ஒரு நாள் வீட்டுக்கே வந்தா. மாமா தூங்குதாருன்னு வாசல்லயே அனுப்பிட்டேன். என் கையெழுத்து செல்லாதுன்னு சொல்ல ஒருத்தி என் வீட்டு வாசல்ல வந்து நிக்கா! மாமா அதுக்கப்புறம் பதினாலு மாசம் இருந்தாரு. நல்ல நினைவோட இருந்தாரு. பேப்பர் படிப்பாரு. எப்சி, கொய்யா பழுத்துட்டான்னு கேப்பாரு.

நீங்க ஏன் தம்பி உச்சுக் கொட்டுதீங்க? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

அடக்கம் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு ரூபன் வந்தான். நல்லாத்தான் பேசினான். ‘அக்கா இருக்கட்டும் அத்தான், நான் ஒண்ணும் கேக்க வரல’ன்னான். நான்தான் உயிலை எடுத்துக் காட்டினேன். பாரு, யார் சாட்சி போட்டிருக்கான்னு பாரு. ஒரு நகல் கேட்டான். ஜெராக்ஸ் எடுத்து, அதையும் அட்டெஸ்ட் பண்ணிக் கொடுத்தேன். அதைக் கொண்டு போய் அவன் பெண்டாட்டி வீட்டு வக்கீல்கிட்டக் காட்டியிருக்கான். அவன் அந்தப் பச்சை மையைப் பாத்துட்டு, ‘இது யாரு?’ன்னு கேட்டானாம். அக்கா புருசன்னு இவன் சொல்லியிருக்கான். முடிஞ்சுது கதை.

மூணு வருஷம் கேசு. ஜட்ஜ் என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ‘இது உங்க கையெழுத்துதானா?’ நான் கோர்ட்டே திரும்பிப் பாக்கிற மாதிரிச் சொன்னேன், ஆமா யுவர் ஆனர், என் கையெழுத்தேதான்னு. பொய்யா சொல்ல முடியும்? எப்சிபா பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தா. குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா.

முன்கட்டையும் கொல்லையையும் ரூபன் வித்துட்டான். இப்ப அது டியூஷன் சென்டர். கொய்யா மரம் நின்ன இடத்துல பிள்ளைக சைக்கிள் விடுது. கடைசியில அவனுக்கே மனசு கேக்காம பின்கட்டுல ரெண்டு ரூமையும் அடுக்களையையும் அக்கா பேருக்கு எழுதி வச்சான். அவ பேருக்கு மட்டும். பத்திரத்துல என் பேரே கிடையாது. சவத்த விடுங்க, நம்ம ஆளுகதானேன்னு விட்டுட்டேன்.

அந்த லெட்டர்தான் வினையாப் போச்சு. ரெண்டு வருஷம் முன்னால, அவ பழைய நர்சிங் சர்டிபிகேட்டைத் தேடுதேன்னு என் ஃபைலைக் குடைஞ்சிருக்கா. மத்தியானம். நான் சாப்பிட்டுப் படுத்திருக்கேன். கண்ணை முழிச்சுப் பாத்தா அந்த லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு கட்டில் பக்கத்துல நிக்கா. ‘இதை எப்ப வாங்கினீங்க?’ன்னா. தேதிதான் இருக்கேட்டி, பாத்துக்கோன்னேன். ‘அப்பா இருக்கும்போதா?’ன்னா. ‘அப்பா தெளிவா இருக்கும்போதா?’ன்னா. வக்கீல்மாரு இப்படித்தான் பயங்காட்டுவாங்க, நான் என்ன கண்டேன்னு சத்தம் போட்டேன். அவ சத்தம் போடல தம்பி. ‘நான் வீட்டைக் கேக்கல அத்தான். போனது போயிட்டு. ஒரே ஒரு தடவை, நான்தான், என் தப்புதான்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு’ன்னா.

அது எப்படித் தம்பி சொல்ல முடியும்? நான் திருடினேனா? கள்ளக் கையெழுத்துப் போட்டேனா? என் சொந்தக் கையெழுத்தை, என் சொந்தப் பேனாவுல போட்டேன். சட்டம் கோணலா இருந்தா நான் என்ன செய்ய? சொல்ல மாட்டேன்னுட்டேன். அவ நாலு நாள் காத்திருந்து பாத்தா. அஞ்சாம் நாள்ல இருந்து பேச்சைக் குறைச்சிட்டா. சோறு வைப்பா. மாத்திரை எடுத்து வைப்பா. சட்டை தோய்ச்சுப் போடுவா. ஒரு குறையும் கிடையாது. ஆனா வீட்டுல ரெண்டு பேர் இருக்க சத்தம் கிடையாது. சொன்னா நம்ப மாட்டீங்க, ராத்திரி அவ தும்மினாக்கூட ஒரு ஆறுதலா இருக்கும் எனக்கு.

ஸ்கேனுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் மாசிலாமணிதான் அவன் டி.வி.எஸ்.ல கூட்டிட்டுப் போறான். நான் கூப்பிட்டா வர மாட்டேங்கா. அவன் பேத்தி நர்சிங் படிக்காளாம். ஹாஸ்டல்ல இடம் இல்லாம தினம் கோயில்பட்டியில இருந்து பஸ்ல வந்து போறாளாம். போன வாரம் சோறு வைக்கும்போது, நான் கேக்காமலே இவளாச் சொன்னா. ‘பாவம், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருந்தா நல்லாருக்கும்’னா. எனக்கு ஒரே சந்தோசம். எத்தனை நாளைக்கு அப்புறம் முழுசா ஒரு வாக்கியம் பேசியிருக்கா.

தை மாசம்னா இன்னும் மூணு மாசம். அவ இல்லாம அந்த ரெண்டு ரூமுல நான் எப்படி இருப்பேன் தம்பி? எழுபத்தி நாலு ஆச்சு. எனக்கு வேற யாரு இருக்கா? ஆனா தலைக்கு மேல கூரைன்னு ஒண்ணு இருக்கு, அது வரைக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இந்தா, கதவு திறக்குது. வக்கீலம்மா வாரா. முகமே சரியில்லையே. என்னம்மா? நானா? பாத்தீங்களா தம்பி, நான் சொல்லல? சாட்சிக்கா? எப்சிபாவே சொன்னாளா, என்னைத்தான் போடச் சொல்லணும்னு?

என்னது? ரெண்டு தாளா? நான் போடுதேன்னா ஒரு தாள், மாட்டேன்னா இன்னொரு தாளா? இது என்னம்மா புதுப் பழக்கம், பரீட்சை மாதிரி? மாட்டேன்னு நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? ரெண்டு வருஷம் கழிச்சு அவ என்கிட்டக் கேக்கிற மொத உதவி இது. ‘யோசிச்சுச் சொல்லுங்க’ன்னாளா? யோசிக்க என்னம்மா இருக்கு. போங்க, அவகிட்டச் சொல்லுங்க, அத்தான் இதோ வாராருன்னு.

கேட்டீங்களா தம்பி? மனசு இறங்கிட்டா. கையெழுத்துன்னு வந்தா கடைசியில என்கிட்டத்தான் வந்து நிக்கணும். மை காஞ்சிருக்கான்னு பாப்போம். இல்ல, நல்லா இறங்குது.

என்ன தம்பி, கையைப் பிடிக்கீங்க? போடாதீங்கவா? ஏன்? இப்பத்தான் நானே சொன்னேனா? என்ன சொன்னேன்? அட, விடுங்க தம்பி. நீங்களும் அந்தப் பொண்ணு மாதிரியே ஆரம்பிக்கீங்க. தெரியும் தம்பி, எல்லாம் எனக்குத் தெரியும். வந்து கேட்டுக்கிடுதேன். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, அவ ஸ்கேன் எல்லாம் அதுலதான் இருக்கு. ரெண்டு நிமிசத்துல வந்திருதேன்.